‘அற்புதம்’ என்று எழுதாமல் ஒரு சிலையைப் பற்றி எப்படி எழுதுவது?

2 பிப்ரவரி 2024 – வாசகர் கேள்வி

எங்கள் அலுவலக ஆண்டு மலருக்கு எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 400 சொல்லில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது. எழுத உட்கார்ந்தால் ‘அற்புதம்’, ‘கலைநயம்’, ‘உயிரோட்டம்’ இந்த மூன்றுமே திரும்பத் திரும்ப வருகின்றன. கலையைப் பற்றி எழுதுவதை எங்கே கற்றுக்கொள்வது? அதற்கென்று படிப்பு ஏதாவது உண்டா? இல்லை, பிறவியிலேயே வர வேண்டியதா?

3 பிப்ரவரி 2024, காலை

பிறவியில் வருவதில்லை. எனக்கு வரவில்லை என்பது நிச்சயம்.

1998இல் ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலைப் பக்கம் எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அரைப் பக்கம் காலி. ‘நீ போய் அந்த வெண்கலச் சிலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வா’ என்று அனுப்பினார் ஆசிரியர். வாசலில் ஒரு மடிப்புத் தாள் கொடுத்தார்கள். சிலைகளைப் பத்து நிமிடம் பார்த்தேன், தாளை ஒரு மணி நேரம் படித்தேன். திரும்பி வந்து எழுதியது அந்தத் தாளைத்தான், சொற்களை அங்கங்கே மாற்றி. தலைப்பு ‘காலத்தை வென்ற கலைப்படைப்புகள்’. கத்தரித்து வைத்திருக்கிறேன். ‘உயிரோட்டம்’ நான்கு இடத்தில் வருகிறது. மெய்ப்புப் பார்த்ததும் நானே.

படிப்பு உண்டு. கலை வரலாறு சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த நூற்றாண்டு, எந்த மரபு என்று அடையாளம் காண அது உதவும். உங்கள் 400 சொல்லுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மறுபடி எழும்பூர் போங்கள். ஒரே ஒரு சிலை. ஒரு மணி நேரம். கைபேசி பையில். அந்த மூன்று சொல்லையும் அவற்றின் சித்தப்பா பெரியப்பா மக்களையும் (‘நேர்த்தி’, ‘மெய்சிலிர்க்க’, ‘கண்கொள்ளாக் காட்சி’) ஒதுக்கிவிடுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். புகைப்படத்தைப் பார்த்து எழுதவே எழுதாதீர்கள்.

3 பிப்ரவரி 2024, இரவு

சின்னதாக ஒரு சோதனை. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்காத சென்னைக்காரர் இருக்க முடியாது. இணையத்தில் தேடாமல் சொல்லுங்கள்: அந்தப் பாறையை எத்தனை பேர் புரட்டுகிறார்கள்?

5 பிப்ரவரி 2024

வந்த பதில்கள் இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் போகின்றன. ஒருவர் ‘பாறையா, அது படகு இல்லையா?’ என்று கேட்டிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் கேள்வியைப் போடும் முன் என் நோட்டில் நான் எழுதி வைத்த விடை மூன்று.

நான்கு பேர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வர் அவர். சிலை 1959இல் அங்கே வந்தது. எத்தனையோ வருடம் பேருந்து சன்னலில் அதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த நாலாவது ஆள் என்ன பாவம் செய்தான் என்று தெரியவில்லை.

9 பிப்ரவரி 2024

ஊருக்கு உபதேசம் செய்தால் போதுமா என்று நானே எழும்பூர் போனேன். வெள்ளிக்கிழமை. வாராந்திர விடுமுறை. வாசல் பலகையை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எழுத்துரு சுமார்.

11 பிப்ரவரி 2024

இன்று ஞாயிறு, நல்ல கூட்டம். திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் நின்றேன். உயரம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. படங்களில் மட்டுமே பார்த்தவர்கள் ஆளுயரம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். சுற்றித் திருவாசி என்னும் நெருப்பு வளையம் கிடையாது. இருபுறமும் விரிந்து பறக்கும் சடையும் கிடையாது. காலண்டர் நடராசரிடமிருந்து இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு மிஞ்சுகிறது. நம் கண் இவ்வளவு நாளும் நெருப்பு வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

முதல் பத்து நிமிடம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பார்த்தேன். உடுக்கை இருக்கிறதா, இருக்கிறது. தீ, காலடியில் மிதிபடும் முயலகன், சரி. வருகைப் பதிவேடு எடுப்பது மாதிரி. அடுத்த பத்து நிமிடம் வெறும் சலிப்பு. ஒரு பொடியன் அம்மாவின் கையை இழுத்து, ‘இவருக்குக் கால் வலிக்காதாம்மா?’ என்றான். அம்மா, ‘சாமிக்கு வலிக்காதுடா’ என்று இழுத்துக்கொண்டு போனார்.

சலிப்புத் தாங்காமல் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தேன். எனக்கு வரையத் தெரியாது. கோடு போட்ட குயர் நோட்டு, பந்துமுனைப் பேனா. காவலர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். படம் அவரைத் தடுக்கிற தகுதியில்கூட இல்லை போலிருக்கிறது.

வரையும்போது ஒன்று நடந்தது. தூக்கிய பாதம் என் இடப்பக்கம் இருக்கிறது. சரி, பாதத்தைப் போட்டாயிற்று. அதை உடம்போடு சேர்க்க வேண்டுமே, எங்கிருந்து கோடு இழுப்பது? பேனா பாதத்திலிருந்து பின்னால் போகிறது, கெண்டைக்கால், முழங்கால், தொடை, உடம்பைக் குறுக்கே கடந்து என் வலப்பக்க இடுப்பில் போய்ச் சேருகிறது. அதாவது அவருடைய இடது இடுப்பில். அங்கேயே வியர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து 1998 கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அச்சில் இருக்கிறது: ‘வலது காலைத் தூக்கி ஆடும் நடராசர்’.

12 பிப்ரவரி 2024

எப்படி அப்படி எழுதினேன் என்று யோசித்ததில் பிடிபட்டது. பாதம் எனக்கு இடப்பக்கம் தெரிகிறது, எதிரே நிற்பவருக்கு அது வலம், ஆகவே வலது கால். கணக்கு சரி, கால் தப்பு. பாதம் போய் நிற்கிற பக்கம் வலம். புறப்பட்ட இடம் இடம். வெறுமனே பார்த்தால் பாதம்தான் கண்ணில் படும். வரைந்தால் இடுப்பைத் தேடியே ஆக வேண்டும்.

‘இடது பதம் தூக்கி என்று பாட்டிலேயே இருக்கிறதே, அதைக் கேட்டிருந்தால் போதுமே’ என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். போதும்தான். அந்தப் பாட்டை நான் கச்சேரியில் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3ஆம் தேதி சொன்னதில் ஒரு திருத்தம். ஒரு மணி நேரம் பார்த்தால் போதும் என்றேன். பார்த்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், எவ்வளவு மோசமாக ஆனாலும்.

14 பிப்ரவரி 2024

நல்ல குட்டு ஒன்று வாங்கினேன். ‘புகைப்படத்தைப் பார்த்து எழுதவே எழுதாதீர்கள் என்கிறீர்களே, ரோதான் என்ன செய்தார்?’ என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

உண்மை. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1913 வாக்கில், சென்னை அருங்காட்சியக நடராசரின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினார். அவர் 1917இல் இறந்து, அந்தக் கட்டுரை 1921இல்தான் அச்சானது. நான் நேரில் நின்று பார்த்த அதே திருவாலங்காட்டுச் சிலைதான். ஒரு பக்கவாட்டுத் தோற்றத்தில் சிவன் மெல்லிய பிறையாகத் தெரிகிறார் என்கிறார். நான் பக்கவாட்டில் போய்ப் பார்க்கவே இல்லை என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

‘எழுதவே எழுதாதீர்கள்’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ரோதான் புகைப்படத்தைப் பார்த்தது ஒரு வாழ்நாள் முழுக்கக் களிமண் பிசைந்த கையோடு. தாளில் நிழல் விழுந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று அவருடைய கட்டைவிரலுக்குத் தெரிந்திருக்கும். நமக்கு அந்தக் கை இல்லை, அதனால் நேரில் போவோம். பக்கவாட்டிலும்.

20 பிப்ரவரி 2024

அந்தப் பொடியனின் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இன்று குளிக்கும்போது உறைத்தது, அந்தக் கேள்வியை ஏற்கெனவே ஒரு ராஜா கேட்டிருக்கிறான்.

திருவிளையாடல் புராணத்தில் கால் மாறி ஆடிய கதை. ராசசேகர பாண்டியனுக்கு அறுபத்து நான்கு கலையில் ஆடல் ஒன்றுதான் பாக்கி. அதையும் கற்க ஆரம்பிக்கிறான். உடம்பு முறிகிறது. அப்போதுதான் அவனுக்குத் தோன்றுகிறது: நமக்கே இந்தக் கதி என்றால், எந்நேரமும் ஒரே காலில் நின்று ஆடுகிறவருக்கு எப்படி இருக்கும்? மதுரைக் கோயிலின் வெள்ளியம்பலத்துக்குப் போய்க் காலை மாற்றிக்கொள்ளச் சொல்லி அழுகிறான். மதுரையில் இன்றைக்கும் நடராசர் வலது கால் தூக்கியே நிற்கிறார். (என் 1998 கட்டுரை மதுரைக்குப் பொருந்தும் என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.)

அந்தச் சிலையை அவன் அதற்கு முன்னால் பார்க்காமலா இருந்திருப்பான்? தினம் பார்த்திருப்பான், கும்பிட்டிருப்பான். கால் வலி தெரிந்தது தானே ஆடிப் பார்த்த பிறகு. புராணக்காரர் அவன் நன்றாக ஆடினான் என்று சொல்வதற்கு மெனக்கெடவில்லை. வலித்தது, அது போதும்.

கேள்வி கேட்டவருக்கு: வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அந்த நிலையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முழங்கால் மடங்கி இருக்க வேண்டும், நேராக நின்றால் செல்லாது. நான் பதினொரு வினாடி.

22 பிப்ரவரி 2024

அவர் பதினான்கு வினாடியாம். ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு. செல்லாது.

2 மார்ச் 2024

சுவாமிமலை, செப்புத் திருமேனி வார்க்கும் ஊர். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், அதைச் சாக்காக வைத்துப் போனேன். கடைத்தெருவில் விற்பனைக்கு அடுக்கியிருக்கும் இடங்களைத் தாண்டி, பின்னால் ஒரு பட்டறை. ஸ்தபதிக்கு எழுபது வயது இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் தயாரித்துக்கொண்டு போன முதல் கேள்வி: ‘ஐயா, ஒரு சிலையைச் செய்யும்போது உங்கள் மனதில் என்ன ஓடும்?’

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். ‘மெழுகு இறுகுதான்னு பார்ப்பேன், தம்பி.’

அந்தப் பக்கத்துக் கேள்விகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

அப்புறம் கேட்டதெல்லாம் கையைப் பற்றி. தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சட்டி. கையில் இளகினால் தண்ணீரில் போட்டு இறுக்க, இறுகினால் கணப்பில் காட்டி இளக்க. வெயில் ஏறிவிட்டால் நுணுக்க வேலை ஓடாது, அதனால் முகமும் விரல்களும் காலையில். அளவுக்குத் தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு ஓர் ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். ஒடியோலை என்று பெயர். சிவன், திருமால் போன்ற பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்ற அளவுமுறை, 124 பங்கு. தேவியருக்கு 120. எண்ணைக் கேட்டால் யோசிக்காமல் சொல்கிறார். மூக்கு எத்தனை பங்கு என்றால், ஓலையை எடுத்து மடித்துக் காட்டிவிட்டுத்தான் சொல்கிறார். எண் வாயில் இருக்கிறது, மூக்கு கையில் இருக்கிறது.

மெழுகு உருவம் முடிந்ததும் அதன்மேல் மண் பூச்சு. முதல் பூச்சு காவிரி வண்டலும் உமிக்கரியும் அரைத்து மையாக. அது மெழுகின் ரேகை வரை போய் ஒட்ட வேண்டும். பிறகு முரட்டு மண், கம்பிக்கட்டு. காய்ந்ததும் வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே சிலை இருந்த இடம் வெற்றிடம். அதில் உருக்கிய உலோகம். மெழுகின் எடையைப்போல் எட்டு, பத்து மடங்கு உலோகம் பிடிக்கும். ஆறிய பின் மண்ணை உடைத்தால் சிலை. அச்சு போயிற்று, மெழுகும் போயிற்று. இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் மறுபடி ஓலை, மறுபடி மெழுகு.

கேட்டதிலேயே நல்ல கேள்வி தற்செயலாக வாயில் வந்தது: ‘கடைசியாக எது பாழாய்ப் போச்சு?’ அதுவரை இரண்டு சொல், மூன்று சொல்லாகப் பேசியவர் எழுந்து என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாக்கைத் தூக்கிக் காட்டினார். ஓர் அம்மன், ஒரு கைக்கு விரல்களே இல்லை. அச்சின் சூடு தணிந்த பிறகு ஊற்றிவிட்டார்கள். மெல்லிய நுனிகளுக்குப் போய்ச் சேரும் முன்னே உலோகம் உறைந்துவிட்டது. ‘இவளை உருக்கணும். மனசு வரலே. ரெண்டு மாசமா கிடக்கா.’

கிளம்பும்போது ஒரு மெழுகு உருண்டையைக் கையில் வைத்து, ‘ஒரு விரல் செஞ்சு பாருங்க’ என்றார். இருபது நிமிடம் செய்தேன். கொத்தவரங்காய் வந்தது. அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், உருகிக்கொண்டிருந்த சட்டியில் போட்டார்.

3 மார்ச் 2024

ரயிலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

‘மெழுகு இறுகுதான்னு பார்ப்பேன்’ என்பதை முதலில் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். இப்போது ஒரு குறள் நினைவுக்கு வருகிறது. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’. மை தீட்டும்போது தீட்டுகிற கோல் கண்ணுக்குத் தெரியாது. வள்ளுவர் சொன்னது கணவன் குற்றத்தைப் பற்றி, எனக்குப் பட்டறை ஞாபகம் வருகிறது. செய்கிறவரிடம் போய் ‘எப்படிப் படைக்கிறீர்கள்?’ என்று கேட்பது கண்ணிடம் கோலைப் பற்றிக் கேட்பதுதான். கோலைப் பக்கத்தில் நிற்கிறவன் பார்க்கலாம்.

அந்தக் குறளில் இன்னொன்றும் இருக்கிறது. மை தீட்டுவதும் நமக்கு ‘எழுதுதல்’. ஓவியமும் எழுதுவது, பெண்கள் உடம்பில் வரைந்துகொண்ட தொய்யிலும் எழுதுவது, இந்தக் குறிப்பும் எழுதுவது. ஒரே வினைச்சொல் இவ்வளவு வேலை செய்யும் ஊரில் இருந்துகொண்டு, ஓவியம் வேறு எழுத்து வேறு என்று நான் எப்படி இத்தனை நாள் நினைத்தேனோ. விழுப்புரம் வந்துவிட்டது. டீ.

10 மார்ச் 2024

2ஆம் தேதிக் குறிப்பைக் கொஞ்சம் விரித்துக் கட்டுரையாக்கி நாலு பேருக்கு அனுப்பினேன். ஓர் அம்மா பதில் போட்டிருக்கிறார்: ‘நன்றாக இருக்கிறது. குங்கிலியம் கால் கிலோ, மெழுகு அரைக் கிலோ என்று அளவும் கொடுத்திருந்தால் வீட்டிலேயே ஒரு பிள்ளையார் வார்த்திருப்பேன்.’

சரியான அடி. முதலில் மடிப்புத் தாளை எழுதினேன், இப்போது சமையல் குறிப்பை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் சிலையைக் காணோம்.

எனவே மறுபடி எழும்பூர் (சனிக்கிழமை, உஷாராக). இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு. பட்டறையில் பார்த்ததில் எது இந்தச் சிலையில் கண்ணுக்குத் தெரிகிறது? குங்கிலியம் தெரியவில்லை. வறட்டி தெரியவில்லை. ஆனால் விரல் தெரிகிறது. கொத்தவரங்காய் செய்தவனுக்கு மட்டும் தெரியும்படி தெரிகிறது. அந்த விரல்களில் கணு துருத்தவில்லை, எலும்பு இருப்பதற்கான சாடையே இல்லை. மூங்கிலைப்போல் கணுக்கணுவாகப் பிரியாமல் ஒரே ஓட்டமாக நுனி வரை போகிறது. நான் மெழுகில் விரல் என்றதும் முதலில் செய்தது மூன்று கணுவைத்தான்.

இன்னொன்றும் பட்டது. சோழர் காலத்தவர்கள் நகை வேலையைப் பெரும்பாலும் மெழுகிலேயே முடித்துவிட்டார்கள். இப்போது வார்த்த பிறகு உளி வேலை அதிகம். அதனால்தான் பழைய தேவி சிலைகளில் கழுத்துச் சரம், தோள்வளை எல்லாம் விளிம்பு மழுங்கி, உருண்டு, உடம்போடு இழைந்து கிடக்கின்றன. மூக்கு நுனிகூட அப்படித்தான். மெழுகின் மென்மை உலோகத்தில் தங்கிவிட்டது. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் இரண்டு முறை படித்துக்கொண்டேன்.

15 மார்ச் 2024

அந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

கோயில் பூசை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் எழுதுகிறார்: ‘மெழுகின் மென்மை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. நூற்றுக்கணக்கான வருடம் பால், தயிர், எண்ணெய், சந்தனம், அப்புறம் துணியால் தேய்த்துத் துடைப்பது, புளி போட்டுத் துலக்குவது. எங்கள் தாத்தா தேய்த்த தேய்ப்பில் மழுங்கியதை எல்லாம் சிற்பி கணக்கில் எழுதிவிட்டீர்கள்.’

எவ்வளவு மெழுகு, எவ்வளவு தாத்தா? துணி எட்டாத இடத்தைப் பாருங்கள் என்று அவரே வழியும் சொல்லியிருக்கிறார்: அக்குள், முழங்கை மடிப்பு, கழுத்துச் சரத்தின் அடிப்பக்கம். அங்கே விளிம்பு எப்படி இருக்கிறதோ அது சிற்பியுடையது. மற்றதில் பாதி தாத்தாவுடையது. மூக்கு தாத்தாவுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். விரல் என் கட்சியிலேயே இருக்கட்டும்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இவையெல்லாம் உற்சவ மூர்த்திகள். பீடத்தில் கம்பு செருகித் தூக்க வளையமும் துளையும் இருக்கும், பாருங்கள் என்றார். (இருக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்தும் கவனிக்கவில்லை.) வீதிக்கு வரும்போது பட்டு, மாலை, கவசம் எல்லாம் சாத்தி, முகமும் கையும் கொஞ்சம் தெரிந்தால் உண்டு. நாம் அருங்காட்சியகத்தில் ரசிக்கும் இடுப்பு வளைவை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பார்த்ததே இல்லை. அலங்காரம் செய்கிற குருக்கள் பார்த்திருப்பார், செய்த ஸ்தபதி பார்த்திருப்பார். அப்படியானால் அந்த வளைவை யாருக்காகச் செய்தார்கள்? எனக்குத் தெரிந்த ஒரே பதில், அது சரியாக இல்லாவிட்டால் மேலே கட்டும் பட்டும் சரியாக நிற்காது என்பது. பட்டறை மாதிரியான பதில். இதைவிடப் பெரிய பதில் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

6 ஏப்ரல் 2024

பேச்சு பாட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. ‘கச்சேரி விமரிசனத்துக்கும் இது பொருந்துமா?’ என்று கேட்கிறார் ஒருவர். அங்கே நிலைமை இன்னும் மோசம். சிலைக்கு மூன்று சொல் என்றால் கச்சேரிக்கு முழு வாக்கியங்களே அச்சுக் கோத்துத் தயாராக இருக்கின்றன. ‘பிருகாக்கள் மழையாகப் பொழிந்தன.’ ‘தனி ஆவர்த்தனம் களைகட்டியது.’ ‘சபையைக் கட்டிப்போட்டார்.’ கச்சேரிக்குப் போகாமலே எழுதலாம். எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய காலத்தில் வாசகர்கள் பாட்டைக் கேட்டார்களோ இல்லையோ, விமரிசனத்தைத் தேடிப் படித்தார்கள். அந்தச் சுவாரஸ்யத்தைக் காப்பியடிக்க முடியாது. நம்மால் முடிந்தது வேறு. நாகசுரக்காரர் நடுவில் நிறுத்திச் சீவாளியை மாற்றுவாரே, அது ஓய்வு என்று நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நாணலில் செய்த அந்தச் சின்னத் துண்டு எச்சிலில் ஊறி ஊறிக் குணம் மாறும். வாத்தியத்தில் தொங்கும் கொத்திலிருந்து அடுத்ததை எடுத்து, உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, அது சரிப்படாமல் இன்னொன்று. மாற்றியதும் முதல் ஸ்வரத்தில் ஒரு தயக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதை எழுதினால் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று படிப்பவருக்குத் தெரியும்.

இதை வாய்ப்பாட்டுக்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்காதீர்கள். நான் பாடிப் பார்த்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள்.

7 ஏப்ரல் 2024

‘இதெல்லாம் மேல்நாட்டார் பழக்கம், தமிழில் கலை செய்யும் முறையைப் பற்றி எழுதும் வழக்கமே இருந்ததில்லை’ என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

சிலப்பதிகாரம், அரங்கேற்று காதை. மாதவி மேடை ஏறுவதற்கு முன்னால் மேடையைக் கட்டியாக வேண்டும். மூங்கிலுக்குக் கணுவுக்குக் கணு ஒரு சாண் இருக்க வேண்டும். அதில் இருபத்து நான்கு விரல் அளவுக்கு ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேலே உத்தரப் பலகைக்கும் மேடைத் தளத்துக்கும் நடுவே நான்கு கோல். இவ்வளவும் சொல்லிவிட்டு இளங்கோ ஒன்று சொல்கிறார்: தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைத்தார்கள்.

அளவுகளைப் படிக்கும்போது எனக்கும் அந்த அம்மா சொன்ன சமையல் குறிப்பு ஞாபகம் வந்தது, மறைக்கவில்லை. நிழல் என்றதும் மேடைக்கு முன்னால் நான் உட்கார்ந்துவிட்டேன். விளக்கு வைக்கிறவனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதிய வரி அது. என் சுவாமிமலைக் கட்டுரையில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். ‘இவளை உருக்கணும், மனசு வரலே’ என்பதைத் தவிர ஒன்றும் தேறவில்லை. அதுவும் நான் சொன்னதில்லை.

28 ஏப்ரல் 2024

அந்த விரலில்லாத அம்மனை உருக்கிவிட்டார்களாம். சுவாமிமலை ஸ்தபதி தொலைபேசியில் சொன்னார். ‘விரல் எப்படிங்க வந்துச்சு?’ என்று கேட்டேன். ‘இன்னும் ஊத்தலே, தம்பி. மெழுகுல இருக்கா.’

18 ஜூன் 2024

கேள்வி கேட்டவரை மறந்தே போய்விட்டோம். மலர் வந்துவிட்டது என்று பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். தேவி சிலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான்கு முறை போயிருக்கிறார், ஒருமுறை வெள்ளிக்கிழமை. 610 சொல் எழுதியதை 400ஆக வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்டது, கழுத்துச் சரத்தின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்த பத்தி. முதல் வரியில் ஓர் ‘அற்புதம்’ இருக்கிறது, தான் எழுதவில்லை என்று சத்தியம் செய்கிறார். தலைப்பும் அவர் வைத்தது இல்லையாம். ‘காலத்தை வென்ற கலைப்படைப்புகள்’. எனக்கு ஒரு நிமிடம் மூச்சு நின்றது.

19 ஜூன் 2024

வெட்டுப்படாத 610 சொல்லையும் படித்தேன். குனிந்து பார்த்த அந்தப் பத்தி நன்றாக இருக்கிறது. இங்கேயே முழுசாகப் போடுங்கள். போடும் முன் ஒரே ஒரு சந்தேகம். இரண்டாம் பத்தியில், ‘வலது கை தளர்ந்து தொங்க, இடது கை பூப் பிடிப்பதுபோல் மடங்கியிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய வலது? உங்களுடையதா, அம்மனுடையதா?